கல்முனை பஸ்ஸில் மூச்சை எண்ணுவது: இனக் கசப்புக்குத் தியானம் உதவுமா?

வாவிக்கரை எழுதியது:

நான் இருப்பது கல்லடி, வேலை கல்முனையில். ஆறு வருடமாக ஒரே வழி, ஒரே பஸ். போன மாதம் அலுவலகத்தில் இருந்து மூன்று நாள் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்கு அனுப்பினார்கள். ‘முழுக் கவனத் தியானமும் இன முற்சாய்வும்’ என்று பதாகையில் போட்டிருந்தது. முற்சாய்வு என்றால், யோசிக்க முன்னமே ஒரு கூட்டத்தாரைப் பற்றி மனம் ஒரு பக்கம் சாய்வது. வளவாளர் கொழும்பிலிருந்து வந்தவர். நல்ல மனிதர்தான். ஆனால் முதல் நாளே எங்களைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் கடல் அலைச் சத்தத்தைப் போட்டார். இருந்தவர்களில் நாலைந்து பேர் நாவலடி ஆட்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி அவருக்கு எங்கே ஞாபகம் வரப் போகிறது! ஒரு அக்கா எழும்பி வெளியே போனவர், தேத்தண்ணி நேரம் வரைக்கும் உள்ளே வரவில்லை.

அது போகட்டும். இரண்டாம் நாள் அவர் சொன்ன ஒன்று எனக்குள் தங்கிவிட்டது. வெறுப்போ பயமோ முதலில் எண்ணமாக வராதாம், உடம்பில்தான் வருமாம். தோள் இறுகும், வயிறு சுருங்கும், கை பையைப் பிடிக்கும். எண்ணம் அதற்குப் பிறகு காரணம் தேடிக்கொண்டு வந்து சேருமாம். அந்த இறுக்கத்தை வரும்போதே கண்டுகொண்டால், பின்னால் வரும் காரணத்தை நம்புவதா விடுவதா என்று முடிவெடுக்கக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்றார்.

மறுநாள் பஸ்ஸில் பார்த்தேன். மஞ்சந்தொடுவாய் கழிந்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குள் போய், வீதி நடுவே அந்தப் பேரீச்சை மரங்கள் தொடங்கும் இடத்தில் என் தோள் இரண்டும் காதுக்குக் கிட்ட ஏறியிருந்தன. தமிழ் ஊரான ஆரையம்பதி வந்ததும் தானாக இறங்கின. நான் யாரையும் வெறுக்கவில்லை என்று சத்தியம் பண்ணுவேன். அலுவலகத்தில் பாதிப் பேர் முஸ்லிம்கள், நோன்பு காலத்தில் கஞ்சி அவர்கள் மேசையில்தான். ஆனாலும் தோள் ஏறுகிறது. இது 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் அன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்ததில் இருந்து வந்ததா, 1990 இல் வெளியே போன மாமா திரும்பி வராததில் இருந்து வந்ததா, ‘அந்தப் பக்கம் தனியாப் போகாத’ என்று அம்மா சொல்லி வளர்த்ததில் வந்ததா, எனக்கே பிடிபடவில்லை. மாமாவைக் கொண்டு போனவர்கள் முஸ்லிம்களும் இல்லை. உடம்புக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியவில்லை போல.

மூச்சைக் கவனிப்பதால் இது உண்மையிலேயே கரையுமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

மருதமுனைத்_தறி எழுதியது:

அக்கா, நான் உங்களுக்கு எதிர்ப்பக்கமாக வருகிறவன். மருதமுனையிலிருந்து மட்டக்களப்புக்கு. தமிழ் ஊரான பெரியநீலாவணை வந்ததும் எனக்கு ஏறும். காத்தான்குடியில், நீங்கள் சொன்ன அதே பேரீச்சை மரத்தடியில், இறங்கும். கல்லடிப் பாலத்தில் மறுபடி ஏறும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனால் ஒருவர் தோள் ஏற மற்றவர் தோள் இறங்கும், தராசு மாதிரி.

2019 க்குப் பிறகு நான் தோளில் பை கொழுவுவதை விட்டுவிட்டேன். தாடி வைத்தவன் தோள்பையோடு பஸ்ஸில் ஏறினால் என்ன நடக்கும் என்று தெரியும்தானே. சீயோனுக்கு வந்தவன் கொண்டு வந்ததும் தோள்பை. என்னிடம் ‘பையைத் திற’ என்று யாரும் சொல்ல முன்னமே நானே திறந்து மடியில் வைத்துக்கொள்வேன். உள்ளே சாப்பாட்டுப் பெட்டியும் குடையும்தான். அந்தப் பழக்கம் இப்போதும் போகவில்லை.

அதன் பிறகு 2020. கொரோனாவில் இறந்த எங்கள் ஆட்களை அரசாங்கம் எரித்த காலம். வாப்பும்மாவுக்கு, அதாவது வாப்பாவின் உம்மாவுக்கு, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் எரித்துவிடுவார்கள் என்று மூன்று நாள் வாய் திறக்கவில்லை. நல்ல வேளை, அது சும்மா காய்ச்சல். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கிய பிறகுதான் வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. மனுசி அதுவரைக்கும் சாகப் பயப்படவில்லை, எரியத்தான் பயந்தா.

நான் சொல்ல வந்தது இதுதான்: முற்சாய்வுக்குப் பட்டறை வைக்கிறார்கள், சரி. முற்சாய்வைத் தாங்கிக்கொண்டு திரிகிறவனின் உடம்புக்கு என்ன? அமெரிக்காவில் ரோண்டா மேகி என்று ஒரு கறுப்பினச் சட்டப் பேராசிரியை இருக்கிறார். சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தவர், இனவாதமும் தியானமும் பற்றி எழுதுபவர். அவர் பேச்சு ஒன்றைக் கேட்டேன். இனவாதக் காயம் பட்டவனுக்கும் அதைக் கொடுக்கிறவனுக்கும் இரண்டு பேருக்குமே இந்தப் பயிற்சி வேண்டும், ஆனால் அதோடு நிற்கக் கூடாது, அநியாயத்தைத் திருத்தும் வேலையும் கூடவே நடக்க வேண்டும் என்ற மாதிரிப் போகிறது அவர் வழி. எனக்கு அது பிடித்தது.

பின்குறிப்பு: தியானம் ஹராமா என்று இங்கே யாரும் தொடங்க வேண்டாம். எங்களிடம் முராக்கபா என்று சூஃபி வழித் தியானம் ஒன்று காலங்காலமாக இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் ஆட்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது, அது வேறு இழை.

படுவான்கரையான் எழுதியது:

தோள் ஏறுவதும் இறங்குவதும் இருக்கட்டும். பறிபோகிற மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக மாட்டுக்காரர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் போராட்டத்தில் குந்தினார்களே, அவர்களுக்கு என்ன பயிற்சி கொடுப்பீர்கள்? மூச்சை உள்ளே இழு, வெளியே விடு, மாட்டை மறந்து விடு என்றா?

காசு கொடுத்து இந்தப் பட்டறைகளை நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. காணியைப் பற்றிப் பேச வேண்டாம், காணாமல் போனவர்களைப் பற்றிப் பேச வேண்டாம், உன் மனதைச் சரிபண்ணு என்றால் போதும். அடிபட்டவனைப் பார்த்து அமைதியாக இரு என்பதற்கு இப்போது ஒரு விஞ்ஞானப் பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று. இந்தத் தியானத்தின் ஊற்று புத்தரின் சதிபட்டான சூத்திரம். மஜ்ஜிம நிகாயம் என்ற பாளித் தொகுப்பில் பத்தாவது. அது பிழையான சரக்கு என்று நான் சொல்லவில்லை, வாசித்திருக்கிறேன். ஆனால் சகல உயிர்களும் சுகமாக இருக்கட்டும் என்று இந்த நாட்டில் எத்தனை நூற்றாண்டாகச் சொல்கிறார்கள்! அதைச் சொன்னால் மனம் மாறும் என்றால் 1956 கலவரத்தில் கல்லோயாவில் ஒரு தமிழன் செத்திருக்கக் கூடாது.

அக்கரைப்பற்று_ரீச்சர் எழுதியது:

படுவான்கரைத் தம்பி, கோபம் நியாயம்தான். ஆனால் ஒரு நிகழ்வைச் சொல்கிறேன், அங்கே இந்தப் பயிற்சிக்கு வேலை இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

2018 பெப்ரவரி 26 இரவு. அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் ஒரு வாடிக்கையாளர் கறியில் ஏதோ கட்டியைக் கண்டார். சிங்களவரை மலடாக்க முஸ்லிம்கள் போடும் ‘மலட்டு மாத்திரை’ என்று சத்தம். கடைக்காரருக்குச் சிங்களம் சரியாகத் தெரியாது, பயத்தில் என்னவோ சொல்ல அது வீடியோவாகிப் பரவியது. கடை உடைந்தது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வில் அந்தக் கட்டி வெறும் மாவு என்று வந்தது. அப்படி ஒரு மலட்டு மாத்திரையே உலகத்தில் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. அதற்குள் கண்டிப் பக்கம் திகன எரிந்து முடிந்திருந்தது.

இங்கே வெட்கத்தோடு ஒன்று எழுதுகிறேன். அந்த வீடியோ என் போனுக்கும் வந்தது. நான் தமிழ், எனக்கு அந்தச் சண்டையில் பங்கில்லை. ஆனாலும் பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம். ‘பார், இவங்களப் பற்றிச் சொல்றது சரிதான்’ என்று. அந்தச் சூட்டோடு அக்காவுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு ஆசிரியை! விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை! மலட்டுத்தன்மையை ஒரு கட்டி மாவால் உண்டாக்க முடியுமா என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கேட்டால் சிரித்திருப்பேன். அந்த இரண்டு விநாடியில் படித்த படிப்பு எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

காணிப் பிரச்சினையைத் தியானம் தீர்க்காது, ஒத்துக்கொள்கிறேன். அனுப்பும் பொத்தானில் விரல் வைக்கும் முன் உடம்பில் ஏறுகிற அந்தச் சூட்டைக் கவனிக்க எனக்கு யாராவது கற்றுத் தந்திருந்தால், அந்த வீடியோ ஒரு போன் குறைவாகப் போயிருக்கும்.

டொரொன்டோ_மட்டுநகரான் எழுதியது:

இங்கே வேலையிடத்தில் எனக்கும் இதே பட்டறை நடந்தது. வெள்ளைக்கார மேலாளர்களுக்காக வைத்தது, நான் ஓரமாக இருந்து ‘உங்களுக்குத்தான் இது வேண்டும்’ என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் பக்கத்து மாடிக்குக் கறுப்பினக் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கிறது. எங்கள் அம்மா அவர்களைக் குறிக்கச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது. நானும் அம்மாவைத் திருத்தவில்லை. கதவை இரண்டு தரம் பூட்டினேன்.

உளவளத்_துணை எழுதியது:

நான் அம்பாறை மாவட்டத்தில் உளவளத்துணை வேலை செய்கிறேன். கேள்வி கேட்டவருக்கு நேராகப் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் இதன் வரலாறு. ஜான் கபட்-ஜின் 1979 இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில் இருந்துதான் இன்றைய ‘முழுக் கவன’ அலை வந்தது. அவர் அதைத் தொடங்கியது தீராத உடல் வலியுள்ள நோயாளிகளுக்காக. வலியை எடுக்க முடியாத இடத்தில், வலியோடு சேர்ந்து வரும் பதற்றத்தையாவது குறைக்க. இதை மறந்துவிட்டுச் சமூக நீதி மருந்தாக விற்றால் படுவான்கரையான் சொன்ன சிக்கலில்தான் முடியும். விறைப்பு ஊசி போட்டுவிட்டு முள்ளை எடுக்காமல் விடுவது போல.

முற்சாய்வு பற்றிய ஆய்வுகள் இருக்கின்றன. 2015 இல் வெளிவந்த ஒன்றில், வெள்ளையின மாணவர்கள் பத்து நிமிடம் தியான வழிகாட்டல் ஒலிப்பதிவைக் கேட்டார்கள், இன்னொரு குழு வேறு ஏதோ ஒலிப்பதிவு. அதன் பிறகு கணினியில் ஒரு சோதனை: முகங்களையும் நல்ல, கெட்ட சொற்களையும் வேகமாக இணைக்க வேண்டும். யோசிக்க நேரமில்லாதபோது கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று அது அளக்கும். தியானம் கேட்டவர்களுக்குக் கறுப்பினத்தவர் மீதும் முதியவர்கள் மீதும் அந்தச் சாய்வு குறைந்திருந்தது. 2014 இல் இன்னொன்று, ஆறு வாரம் மெத்தா தியானம், அதாவது அன்பு பாராட்டும் தியானம் செய்தவர்களிடம் சாய்வு குறைந்தது. ஒரு குழு அதே அன்பைப் பற்றி உட்கார்ந்து பேச மட்டும் செய்தது, பயிற்சி இல்லை. அவர்களிடம் குறையவில்லை. கருத்தரங்கு வைத்தே காலம் கழிக்கும் எங்களைப் போன்றவர்களுக்குக் கொஞ்சம் சுடுகிற முடிவு.

ஆனால் குதூகலிக்க முன் இதையும் கேளுங்கள். முற்சாய்வைக் குறைக்கும் ஒன்பது வழிகளை 6,321 பேரிடம் சோதித்த பெரிய ஆய்வு 2016 இல் வந்தது. அவை தியானம் அல்ல, வேறு உத்திகள். ஒன்பதும் உடனடியாக வேலை செய்தன. சில மணி நேரமோ சில நாளோ கழித்துப் பார்த்தால் ஒன்றின் விளைவும் மிஞ்சவில்லை. ஆகவே பத்து நிமிடத் தியானத்தில் குறைந்தது நாளைக்கும் குறைந்தே இருக்கும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இனி முக்கியமானது. அந்தக் கடல் அலைச் சத்தத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பெரிய இழப்பைக் கண்டவர்களைக் கண்ணை மூடி மூச்சுக்குள் போகச் சொன்னால் சிலருக்கு அந்த நாளே திரும்பி வரும். தடுப்புக்காவலில் இருந்து வந்த ஒருவர் கண்ணைக் கட்டிய நாட்களுக்கே போய்விட்டார், நான் பக்கத்தில் இருந்தேன். இங்கே சுனாமியைக் கண்டவர், 1990 ஐக் கண்டவர், ஈஸ்டரைக் கண்டவர் இல்லாத ஓர் அறையை எனக்குக் காட்டுங்கள். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது கொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டது 1990 ஆகஸ்ட் 3 இல், சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டது செப்டம்பர் 9 இல். ஒரே வாவியின் கரை, இடையில் ஐந்து வாரம் மட்டும்.

அதனால் நான் செய்விப்பது வேறு மாதிரி. கண் திறந்தே இருக்கட்டும். மூச்சு வேண்டாம், உள்ளங்கால் நிலத்தில் படுவதைக் கவனியுங்கள். அறையில் நீல நிறமான மூன்று பொருளைத் தேடுங்கள். இரண்டு நிமிடம் போதும். பதற்றம் கூடினால் நிறுத்துவதுதான் சரியான பயிற்சி, தாங்கிக்கொண்டு இருப்பது வீரம் அல்ல. தனியே தாங்க முடியாமல் போனால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 க்கு அழைக்கலாம்.

படுவான்கரையான் எழுதியது:

முள்ளும் விறைப்பு ஊசியும் சரி. ஒத்துக்கொள்கிறேன், அரை மனதோடு.

வண்ணத்திப்பூச்சி_98 எழுதியது:

பெரிய ஆய்வு எல்லாம் எனக்குத் தெரியாது. மட்டக்களப்பில் 1996 இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாவைச் சேர்ந்த போல் ஹோகன் என்ற கலைஞரும் தொடங்கிய வண்ணத்திப்பூச்சிப் பூங்காவுக்குப் போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. தமிழ் ஊர்களில் இருந்தும் முஸ்லிம் ஊர்களில் இருந்தும் பிள்ளைகள் வருவோம். களிமண், வர்ணம், கதை, நாடகம். தியானம் என்ற சொல்லே யாரும் சொல்லவில்லை. ஆனால் களிமண் பிசையும்போது வேறு நினைப்பு இருக்காது. அதுதான் நீங்கள் எல்லாரும் இப்போது பெயர் வைத்துப் பேசுகிற சாமான் என்று நினைக்கிறேன்.

என் பக்கத்தில் இருந்தது ஏறாவூர் முஸ்லிம் பிள்ளை ஒன்று. இரண்டு பேரும் முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. என் யானைக்குத் தும்பிக்கை விழுந்துவிட்டது, அவ ஒட்டித் தந்தா. பேர் மறந்துபோச்சு. கை மட்டும் ஞாபகம் இருக்கு, மருதாணி வெளிறின கை.

தனியே அறையில் உட்கார்ந்து அவளை நினைத்து நூறு நாள் அன்பு பாராட்டியிருந்தாலும் அந்தத் தும்பிக்கை ஒட்டியிருக்காது.

மருதமுனைத்_தறி எழுதியது:

தமிழரும் முஸ்லிமும் புட்டும் தேங்காய்ப்பூவும் என்று மேடைக்கு மேடை சொல்வதைவிட இந்தத் தும்பிக்கை எவ்வளவோ மேல். அந்த உவமையைக் கேட்டாலே எனக்கு இப்போது தோள் ஏறுகிறது. நாங்களும் குடி வழி பார்க்கிறோம், நீங்களும் குடி வழி பார்க்கிறீர்கள், இரண்டு பேருக்கும் தாய்வழி. இவ்வளவு ஒன்றாக இருந்துதான் இவ்வளவும் நடந்தது.

மட்டுறுத்துநர்:

1990 இல் யார் முதலில் தொடங்கினார்கள் என்று மூன்று பேர் எழுதிய பதிவுகளை எடுத்துவிட்டேன். அவற்றுக்கு வேறு இழைகள் உண்டு, பத்து வருடமாக ஓடுகின்றன. எழுதியவர்கள் அனுப்பும் முன் உள்ளங்காலைக் கவனிக்கவும். (பகிடிக்குத்தான். பாதி.)

வாவிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் ஒரு சின்னக் கொப்பி வாங்கிப் பன்னிரண்டு வேலை நாட்கள் குறித்து வந்தேன். துணை சொன்ன மாதிரிக் கண் திறந்தபடி, கால் பஸ் தட்டில் படுவதைக் கவனித்துக்கொண்டு. எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது, அவ்வளவுதான் எழுதினேன்.

காத்தான்குடியில் முதல் வாரம் ஐந்து நாளும் ஏறியது. இரண்டாம் வாரமும் ஏறியது, ஆனால் ஏறும்போதே தெரிந்தது. ‘ஆ, வந்திட்டியா’ என்று ஒரு எண்ணம் வரும், கொஞ்சம் இறங்கும். கரையவில்லை. பழைய வாடிக்கையாளர் கடைக்கு வருவது மாதிரி வந்து போகிறது. ஒரு நாள் பக்கத்தில் அபாயா போட்ட அக்கா ஒருவர் வந்து இருந்தார், மடியில் பிள்ளை. பிள்ளை என் கொப்பியை இழுத்தது. விட்டுக் கொடுத்தேன், ஒரு பக்கம் முழுக்கக் கிறுக்கித் தந்தது. அந்த நாளுக்குக் குறிப்பு இல்லை.

இன்னொரு இடமும் சிக்கியது. வழியில் ஒரு வளைவு, முன்பு அங்கே சென்றி, அதாவது அடையாள அட்டை பார்க்கும் காவலரண், இருந்தது. இப்போது வெறும் புல்லும் ஒரு விளம்பரப் பலகையும். ஒவ்வொரு நாளும் அங்கே என் கை தானாகவே கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தொடுகிறது. சென்றியை எடுத்து எத்தனை வருடம்! என் கை இன்னும் அதைக் கடக்கவில்லை.

மற்றது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒன்பதாவது நாள், களுவாஞ்சிகுடியில் ஒரு பெண் ஏறி என் பக்கத்தில் இருந்தா. தமிழ்தான். எங்கள் அம்மம்மா வீட்டுக்கு உடுப்பு வெளுக்க வந்த குடும்பத்துப் பிள்ளை. இப்போது கல்முனையில் நல்ல வேலை, என்னைவிடச் சம்பளம் கூட. என்னைக் கண்டு சிரித்தா. நான் என் பையை எடுத்து மடியில் வைத்து இந்தப் பக்கமாக நகர்ந்தேன். தோள் ஏறவே இல்லை. பயமும் இல்லை, இறுக்கமும் இல்லை. அவ்வளவு இயல்பாக நடந்தது. பஸ் பாண்டிருப்பைக் கடந்த பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே உறைத்தது. முஸ்லிம்கள் பக்கத்தில் இருந்தால் இறுகுகிற உடம்பு, இங்கே இறுகக்கூட வேண்டியிருக்கவில்லை.

பட்டறையில் உடம்பில் முதலில் தெரியும் என்றார்களே, இது ஏன் தெரியவில்லை? யாருக்காவது விளங்கினால் சொல்லுங்கள்.

உளவளத்_துணை எழுதியது:

பயம் இருந்தால் உடம்பு சொல்லும். பழக்கம் ஆகிவிட்டதை உடம்பு சொல்லாது, அதற்கு அது வீட்டு வேலை மாதிரி. என் அனுபவத்தில் இப்படிப்பட்டவை தியானத்தில் தனியே அகப்படுவதில்லை. எதிரே இருந்தவரிடம் கேட்டால்தான் தெரியும். அவ கவனித்திருப்பா.

படுவான்கரையான் எழுதியது:

சாதிப் பெயரை எழுதாமல் ‘உடுப்பு வெளுக்க வந்த குடும்பம்’ என்று சுற்றி எழுதியிருக்கிறீர்கள் அக்கா. அதையும் கொப்பியில் போடுங்கள்.

வாவிக்கரை எழுதியது:

போட்டேன். நாளை காலை அதே பஸ். அவ ஏறினால் ஜன்னல் பக்கம் நகர்ந்து இடம் விடலாம் என்று இருக்கிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை.